ஒரே சுவிட்சில் ஒரு வார்டு

1

இந்தக் கதை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிறந்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவோம். யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. ஒருநாள் அண்ணன், அம்மா, நான் மூவரும் ஒன்றாகக் கத்தி ஓய்ந்தபின், மூவரும் சொன்னதை அண்ணி தனித்தனியாக ஒப்பித்தார். அசந்துபோனேன்.

அண்ணியின் வேலையே அதுதான். கம்பியில்லாக் கருவிகள் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒவ்வொன்றின் பேச்சையும் பிரித்தெடுக்க வழி செய்கிற பொறியாளர். இதை வைத்துக் கதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க தம்பி. எனக்காவது புரியணும், அவ்வளவுதான்" என்றார்.

2

முதல் தொடக்கம்: அலைகள் மோதிக்கொள்ளும் பிரபஞ்சப் பெருவெளியில், தனித்துத் தவிக்கும் ஒவ்வொரு குரலும்—

[வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.]

இரண்டாவது தொடக்கம்: படுக்கை ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி. பெட்டியில் ஒரு பொத்தான்.

இது தேவலை. மருத்துவமனையில் நோயாளி பொத்தானை அழுத்தினால் நர்ஸ் அறைத் திரையில் அவருடைய படுக்கை எண் வர வேண்டும். பல பேர் சேர்ந்து அழுத்தினால் செய்திகள் ஒன்றோடொன்று மோதி எதுவும் புரியாமல் போய்விடும். அதற்கு அண்ணி ஒரு தந்திரம் வைத்திருந்தார். ஒவ்வொரு பெட்டியும் தன் செய்தியைச் சில பிரதிகளாக அனுப்பும். எந்தெந்த நொடியில் அனுப்புவது என்று தானே சீட்டுக் குலுக்கிக்கொள்ளும். ஒரே ஒரு பிரதி மோதாமல் தப்பினால் போதும், செய்தி தெரிந்துவிடும். அதே செய்தியின் இன்னொரு பிரதி எங்கே மோதிக் கிடக்கிறதோ அங்கிருந்து அதைக் கழித்துவிடலாம். கழித்ததும் அதன் அடியில் மாட்டிக்கொண்டிருந்த வேறொரு பெட்டியின் செய்தி வெளியே வரும். அதையும் கழித்தால் அடுத்தது. இப்படியே எல்லாவற்றையும் பிரித்துவிடலாம்.*

* நானும் அப்படித்தான் எழுதுகிறேன். பிரபஞ்சத்தைக் கழித்ததும் படுக்கை தெரிந்தது.

3

அண்ணன் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. கதைக்கு வில்லன் வேண்டுமே என்று முதல் வரைவில் அவரைச் சிடுமூஞ்சியாக்கினேன். பொருந்தவில்லை. செருப்பைக்கூட அளவு வாரியாக அடுக்கிவைக்கிற மனுஷர், அவ்வளவுதான். மருத்துவமனைக்காரர்கள் சோதனை பார்க்க வருவதற்கு முந்தின மாலை, அண்ணி பெட்டிகளை ஒரு பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு பலகையில் வரிசையாகப் பொருத்தினார். எல்லாப் பொத்தான்களின் கம்பிகளையும் சேர்த்து ஒரே பெரிய சுவிட்சில் கொடுத்தார். "தட்டினா போதும், வார்டு மொத்தமும் ஒரே நேரத்துல கூப்பிடும்" என்றார். அண்ணிக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான்.

4

மறுநாள், அண்ணியின் அலுவலகத்துச் சோதனை அறை. ஜன்னலோரம் நான், மடியில் காகிதம். எதிரே அண்ணியின் மேலாளர். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார், அதனால் அலுவலகத்தில் அவர் பெயரே அதுதான். இன்று தேறாவிட்டால் அண்ணியின் குழுவைக் கலைத்து வேறு வேலைக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருந்தார். அதை மட்டும் பார்க்கலாம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் தலைமை நர்ஸம்மா. ஒரு படுக்கை விட்டுப்போனாலும் பெட்டிகள் தனக்கு வேண்டாம் என்று வந்ததுமே சொல்லிவிட்டார்.

அண்ணி சுவிட்சைத் தட்டினார்.

திரையில் ஒன்றும் இல்லை. மறுபடி தட்டினார். ஒற்றை எண்கூட வரவில்லை. அண்ணியின் காது சிவந்தது. [இந்த இடத்தில் 'வானம் இருண்டது' என்று எழுதி அடித்திருக்கிறேன். வெளியே நல்ல வெயில்.]

பார்க்கலாம் செருமிக்கொண்டார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு முறை வைத்து, அது வரும்போது மட்டும் பேசச் சொன்னால் என்ன என்று கேட்டார். பதில் நர்ஸம்மாவிடமிருந்து வந்தது.

"வலி என்ன முறை வெச்சுக்கிட்டா வருது சார்?"

அண்ணி அவரைப் பார்த்தார், சுவிட்சைப் பார்த்தார். பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். பயந்துவிட்டேன்.

"தப்பு என்னோடதும்மா. சீட்டுக் குலுக்குறதுக்கு எல்லாப் பெட்டிக்கும் ஒரே தொடக்க எண்ணைக் குடுத்துட்டேன். அந்த எண்ணையும் முழிச்ச நேரத்தையும் வெச்சுத்தான் பெட்டி சீட்டு எடுக்கும். ஒரே நொடியில முழிச்சா எல்லாம் ஒரே சீட்டைத்தான் எடுக்கும்."

அதாவது, எல்லாப் பெட்டிகளும் தவறாமல் ஒரே நொடியில் பேசி, தவறாமல் மோதிக்கொண்டிருந்தன. இத்தனை நாளும் அண்ணி விரலால் ஒவ்வொன்றாக அழுத்தியதால் இது வெளியே தெரியவில்லை. அண்ணனின் ஒழுங்கு வந்துதான் பிழையைப் பிடித்தது. வில்லனாக்காமல் விட்டது எவ்வளவு நல்லதாயிற்று.

5

அந்தந்தப் படுக்கையின் எண்ணையே தொடக்க எண்ணாக்கினால் தீர்ந்தது. நாங்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் அண்ணி எல்லாப் பெட்டிகளிலும் மாற்றிவிட்டு மறுபடி சுவிட்சுக்குக் கையை நீட்டினார். நர்ஸம்மா தடுத்தார். "என் வார்டுல இந்த சுவிட்ச் கிடையாது. கழட்டி ஆளுக்கு ஒண்ணு குடுங்க."

கொடுத்தோம். கணக்குப் பிரிவுக்காரர்கள், வாசல் காவலாளி, தேநீர் கொண்டுவந்த அம்மா, பார்க்கலாம், எல்லோர் கையிலும் ஒரு பெட்டி. அவரவருக்குத் தோன்றியபோது அழுத்தினார்கள். சிலர் ஒன்றாக, சிலர் பிந்தி. காவலாளி ஆசைக்கு இரண்டு தடவை. திரையில் எண்கள் மளமளவென்று வந்தன. யாரோ கைதட்டினார்கள். பார்க்கலாம் தன் எண்ணைப் பார்த்துவிட்டு "வந்துடுச்சு" என்று பக்கத்திலிருந்தவரிடம் காட்டினார். சந்தோஷமாக இருந்தது. அதற்கு மேல் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

"ஒண்ணு வரலையே" என்றார் நர்ஸம்மா.

அண்ணி என் பக்கம் திரும்பினார்.

6

முடிவு அ: நர்ஸம்மா பேனாவை மூடிவிட்டு எழுந்து—

[எழுத மனம் வரவில்லை.]

முடிவு ஆ: பார்க்கலாம் கண்கலங்கி, "இனி நான் ஒருபோதும்—"

[இதை அவரே நம்ப மாட்டார்.]

உண்மை என்னவென்றால், வராத படுக்கை என்னுடையது. ஒரு கையில் காகிதம், மறு கையில் பேனா. எனக்குக் கொடுத்த பெட்டி மடியில் கிடக்கிறது. இந்த வரியை எழுதிக்கொண்டிருந்ததில் அழுத்த மறந்துவிட்டேன். எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். பேனாவைக் கீழே வைத்தால் கதை நின்றுவிடும்.

ஆகையால் பெட்டியை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன். அண்ணி காத்திருக்கிறார். உங்கள் முறை எப்போது என்று யாரையும் கேட்க வேண்டாம். அழுத்துங்கள்.