பச்சைப் பெயின்ட்டும் வெள்ளைப் புகையும்

படகிலேயே பத்தொன்பது வருடம் குடித்தனம் நடத்திவிட்டேன். ஸ்னேக் நகரக் கால்வாயில் படகு கட்ட ஒரு நிரந்தர இடம் கிடைத்தால் போதும், ஊர் ஊராக அலைகிற பிழைப்பு முடிந்துவிடும். காத்திருந்து காத்திருந்து இந்த வருடம்தான் எங்கள் முறை வந்தது. ஒரே நிபந்தனை, எஞ்சின் புகையக்கூடாது. பரிசோதனை பத்து மணிக்கு. எட்டு மணிக்கு எங்கள் படகு வெள்ளை வெள்ளையாகக் கக்கிக்கொண்டிருந்தது. கரையில் ரொட்டிக்கடைக்காரர் கதவைப் படாரென்று சாத்தினார்.

"டீசல் சரியில்ல ஹிஸ்கே," என்றான் என் கணவன் வுபே.

நேற்று ஃபில்டர் சரியில்லை. முந்தாநாள் டீசல் பீச்சுகிற நாசில் சரியில்லை. இரண்டையும் மாற்றியாயிற்று. உலகத்தில் எதுவுமே சரியில்லை, வுபே மட்டும் சரி.

"எஞ்சின் சூடாகியும் புகை நிக்கல. கண்ணு எரியுது. டீசல் லேட்டா பீச்சுது, அதான் எரியாம வெளிய வருது. டைமிங்தான்யா!"

"டைமிங்க நான் கோடு பாத்துத்தான் வெச்சேன்."

"எந்தக் கோடு?"

"எஞ்சின் சக்கரத்துல, டீசல் எப்பப் பீச்சணும்னு காட்டற கோடு. எனக்கே பாடம் எடுக்கறியா?"

அந்தச் சக்கரம்! எங்கள் படகுக்காரர்களுக்கு எஞ்சின் ஓடுகிறதோ இல்லையோ, பளபளக்க வேண்டும். குளிர்காலம் முழுக்க வுபே டீசல் பம்பைக் கழற்றி வைத்துவிட்டு எஞ்சினுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தான். மூன்று பூச்சு. என் பிறந்தநாளன்றுகூட. வந்த ஆத்திரத்தில் உருளைக்கிழங்கு சீவுகிற கத்தியோடு கீழே இறங்கினேன்.

"ஐயோ, சுரண்டாதடி! மூணு பூச்சு!"

சுரண்டினேன். அவன் கோடு என்றது பெயின்ட் வழிந்து காய்ந்த விளிம்பு, நகம் பட்டதுமே உரிந்து வந்துவிட்டது. உளியால் வெட்டிய நிஜக் கோடு, பெயின்ட்டுக்கு அடியில், இரண்டு விரல் முன்னாலேயே இருந்தது.

வுபே குனிந்து பார்த்தான். பிறகு ஸ்பானரை எடுத்தான். நான் சக்கரத்தைத் திருப்பி நிஜக் கோட்டில் நிறுத்த, அவன் பம்பை அதற்கேற்றபடி திருப்பி முடுக்கினான். ஒன்பதே முக்காலுக்கு எஞ்சின் கிளம்பியது. முதலில் கொஞ்சம் புகை. அப்புறம் எதிர்க்கரை தெளிவாகத் தெரிந்தது.

கால்வாய் அதிகாரி ஹூகெமா அம்மாள் வந்து, புகைக்குழாயருகே நின்று வெகுநேரம் பார்த்தார்.

"புகையவே இல்லையே! நேத்துப் புகார் வந்துதே, என்னதான் ஆச்சு?"

டீசல் என்று சொல்லப்போகிறான், எனக்குத் தெரியாதா? சொன்னால் ஆளைக் கால்வாயில் தள்ளிவிடுவது என்று முடிவு செய்தேன்.

"நான்தான் கோட்டு மேல பெயின்ட் அடிச்சுட்டேன்," என்றான் வுபே. "மூணு நாளா இவ சொன்னா, நான் கேக்கல. இடத்த இவ பேர்லயே எழுதுங்க. நான் இவகூட ஒட்டிக்கறேன்."

மூன்று நாளாகச் சேர்த்து வைத்த திட்டெல்லாம் வீணாய்ப் போயிற்று. அழுகைதான் வந்தது. பெண்டாட்டியை நிம்மதியாகக் கோபப்படக்கூட விடாத மனுஷன்.