உத்தரம் வருவதற்கு முன்

படுக்கையறை அலமாரியின் கதவு திறக்கவில்லை. லினெட் இழுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். சீலிங் தொய்ந்து அலமாரியின் தலையில் உட்கார்ந்திருந்தது. காலையில் அங்கே கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது.

மேலே, கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவிலிருந்த பரணில் அவள் கணவன் டெரிக் நடந்தான். சீலிங் முனகியது.

"டெரிக், என்ன பண்றே?"

"குறுக்க நின்ன கட்டைங்கள்ல மூணை அறுத்துட்டேன் கண்ணு. இடம் எவ்ளோ பெருசாயிடுச்சு தெரியுமா. ஏறி வந்து பாரு."

பரணை அறையாக்க வந்த மேஸ்திரி கார்மக் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். முதலில் சுவருக்குச் சுவர் இரும்பு உத்தரம். அதன்மேல் புதுத் தளம். அதற்குப் பிறகுதான் கூரையையும் சீலிங்கையும் தாங்கும் கட்டைச் சட்டத்தில் ரம்பம் படலாம். உத்தரம் இன்னும் அவர்கள் ஊரான ஸ்டாக்போர்ட்டுக்கே வந்து சேரவில்லை.

அவள் அவருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள்.

"எங்க நிக்கிறாரு?" என்றார் கார்மக்.

"நட்டநடுவுல."

"நல்ல இடமாப் பாத்துதான் நின்னிருக்காரு. நீங்க கத்தாதீங்க. குப்புறப் படுத்து, பாத்ரூம் சுவருக்கு மேல ஊர்ந்து வரச் சொல்லுங்க. முட்டு எடுத்துக்கிட்டு வர்றேன்."

அவள் சொன்னாள். தன் குரல் இத்தனை மென்மையாக வந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது. விளக்கிலிருந்து கிளம்பிய விரிசல் அவன் உடல் நகர நகர நீண்டது. அவன் தலையணைமேல் வெள்ளைத் தூள் உதிர்ந்தது. பரணில் தையல் அறை வேண்டுமென்று கேட்டவள் அவள்தான். தைப்பதற்காக அல்ல, ஒரு இரவாவது தனியாகத் தூங்குவதற்காக. அதற்காக இவன் செத்துப்போவானோ?

பரண் ஏணியில் அவன் கால் தெரிந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. அவன் கையில் அளவு நாடா தொங்கியது.

"ரெட்டைக் கட்டிலே போடலாம்," என்றான்.

"நான் தனியாப் படுக்கத்தான் அந்த ரூமைக் கேட்டேன்."

"தெரியும். பெருசா இருந்தா மனசு மாறுவியோன்னு பாத்தேன்."

கார்மக் வந்து சீலிங்குக்கு அடியில் இரும்பு முட்டுகளை நிறுத்தித் திருகினார். விரிசல் நின்றது.

"உத்தரம் ஏறுற வரைக்கும் இங்க யாரும் படுக்கக் கூடாது. ஹால்ல சோபா இருக்கில்ல?"

"ஒண்ணுதான் இருக்கு," என்றான் டெரிக், அவளைப் பார்க்காமல்.

லினெட் தன் தலையணையை எடுத்துக்கொண்டாள். பிறகு அவனுடையதையும் எடுத்து, ஜன்னலுக்கு வெளியே நீட்டித் தூளை உதறினாள்.