கதவு திறந்திருக்கு, மேடம்

அலுவலகத்தில் அவருக்கு ஐஸ் அண்ணன் என்று பெயர். ஊரிலுள்ள கடைகளின் குளிர் அறைகளை உட்கார்ந்த இடத்திலிருந்து திரையில் பார்ப்பது அவர் வேலை. மருந்துக் கடை, மீன் கடை, பூக்கடை என்று எல்லாக் குளிர் அறைகளிலும் கம்பெனியின் கருவி ஒட்டியிருக்கும். உள்ளே குளிர் குறைந்தாலோ, கதவு நெடுநேரம் திறந்து கிடந்தாலோ, அவர் திரையில் சிவப்பு எரியும். உடனே கடைக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும். நாளெல்லாம் ஐஸோடு கிடந்தும், ஒரு மனுஷிக்கு ஐஸ் வைக்க மட்டும் அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. அதனால்தான் தனிக்கட்டையாக இருக்கிறார்.

மனைவி பிரிந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. அடிதடி இல்லை, குடி இல்லை. இவர் வாயைத் திறந்தால் குறைதான் வரும், அவ்வளவே. லைட் எரியுது, ஃபேன் சும்மா ஓடுது, குழாய் சொட்டுது. அவர் மனைவிக்கு ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே நிற்கும் பழக்கம் உண்டு. என்ன எடுக்க வந்தோம் என்பதையே மறந்து நிற்பாள். "கதவு திறந்திருக்கு" என்று இவர் கூடத்திலிருந்து குரல் கொடுப்பார். சம்பளம் வாங்காத அலாரமாக வருஷக்கணக்கில் வீட்டில் இருந்துவிட்டு, பிறகு அதற்கே சம்பளம் வாங்கப் போனார். அதற்குள் அவள் போய்விட்டாள்.

ஒருவர் வேலையை விட்டுப் போனதில், அவர் பார்த்துவந்த கடைகளில் சில இவர் தலையில் விழுந்தன. அதில் ஒரு கேக்குக் கடை. முதல் நாளே சிவப்பு எரிந்தது. போன் போட்டார்.

"வணக்கம் மேடம். உங்க குளிர் அறைக் கதவு திறந்திருக்கு. தயவுசெஞ்சு மூடிடுங்க."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிங்க, மூடிடறேன்" என்றது குரல். ஆயிரம் பேர் நடுவில் பேசினாலும் அவருக்குத் தெரிகிற குரல். அவளுக்கும் தெரியாமல் இருந்திருக்காது.

மேலாளரிடம் சொல்லி அந்தக் கடையை வேறொருவருக்கு மாற்றிவிட்டிருக்கலாம். நியாயமும் அதுதான். ஆனால் மனுஷன் வாயைத் திறக்கவில்லை. காலையில் வந்ததும் முதலில் திரையில் அந்தக் கடைக்கு ஓடும் கோட்டைத்தான் பார்ப்பார். கதவு திறந்தால், கடைக்கு வந்துவிட்டாள் என்று அர்த்தம். நெடுநேரம் மூடவில்லை என்றால், கிரீம் டப்பாக்களுக்கு முன்னால் எதையோ யோசித்துக்கொண்டு நிற்கிறாள். சிவப்பு எரிகிறவரை காத்திருந்து போனை எடுப்பார்.

பேசுவதெல்லாம் அதே வாக்கியம்தான். எல்லா அழைப்புகளும் பதிவாகும், கம்பெனி எழுதிக் கொடுத்ததைத் தவிர எதுவும் பேசக் கூடாது. ஒரு நாள் அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. டாக்டரைப் பார்த்தியா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. "தயவுசெஞ்சு மூடிடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் வாரத்தில் சில தடவை கேட்கும் அந்த "சரிங்க"வைப் பிடித்துக்கொண்டுதான் அவர் உயிரோடு நடமாடினார். அப்படி "சரிங்க" சொல்ல அவருக்கு வேறு யாருமில்லை.

திடீரென்று சிவப்பு நின்றுபோயிற்று. கதவு திறக்கும், உடனே மூடும். மறுபடி திறக்கும், உடனே மூடும். அடுத்த வாரமும் அப்படியே.

"என்னண்ணா, உங்க கேக்குக் கடை ரொம்ப சமத்தாயிடுச்சு போல" என்றாள் ஊரிலுள்ள லிஃப்டுகளை இதேபோல் திரையில் பார்க்கும் பக்கத்து சீட்டுப் பெண்.

அவருக்கு வயிறு எரிந்தது. இது அவள் கை இல்லை. வேறு யாரோ திறக்கிறான், வேலை தெரிந்தவன், சட்டென்று எடுத்துச் சட்டென்று சாத்துகிறவன். அவள் கல்லாவில் உட்கார்ந்து அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். வெறும் கோட்டை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தையே கட்டிவிட்டார் மனுஷன். கடைசியில் பொறுக்க முடியாமல், சிவப்பே எரியாதபோது போனை எடுத்தார்.

"வணக்கம் மேடம். கருவி சரியா வேலை செய்யுதான்னு கேக்கத்தான். கதவு அலாரமே வரலை."

"இனிமே வராது. கதவுக்கு ஸ்பிரிங் போட்டுட்டேன். கையை எடுத்தா அதுவா சாத்திக்குது."

அப்பாடா, எவனும் இல்லை. ஒரு ஸ்பிரிங்தான். நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது. அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. அவள் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"பாவம், ஒவ்வொரு தடவையும் நீங்க கூப்பிட வேண்டியிருக்கு. குரல்லயே தெரியுது, எவ்வளவு சலிப்பா இருக்குன்னு. வீட்டுலயும் இதேதான் சொல்லிட்டிருந்தீங்க. இங்கயும் என்னால உங்களுக்குத் தொந்தரவு வேணாம்னுதான் போட்டேன்."

சலிப்பா! ஸ்பிரிங்கைக் கழட்டி எறி, கதவைத் திறந்து போட்டு நாள் முழுக்க நில்லு, நான் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன் என்று சொல்ல வேண்டும். இதைவிட்டால் இனி சந்தர்ப்பம் இல்லை என்பதும் தெரிந்தது. பதிவானால் பதிவாகட்டும், வேலை போனால் போகட்டும் என்று துணிந்தே வாயைத் திறந்தார்.

"சலிப்பெல்லாம் இல்லைங்க, மேடம்."

அந்த 'மேடம்' பழக்க தோஷத்தில் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அதைத் திரும்ப வாங்க வழியில்லை. அந்தப் பக்கம் கேக்கு மாவு கலக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் காத்திருந்தாள் என்றே அவருக்குத் தோன்றியது. பிறகு அது நின்றது.

"சரிங்க சார். வேற ஏதாவது இருக்கா?"

"இல்லை மேடம்."

அழைப்புக்கான காரணம் என்று திரை கேட்டது. 'தவறுதலாக' என்று தட்டினார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் ஃப்ரிட்ஜைத் திறந்தார். உள்ளே தண்ணீர் பாட்டிலும் நேற்றைய சோறும் இருந்தன. இரண்டுமே அவருக்கு வேண்டாம். வெளிச்சம் முகத்தில் விழ, அப்படியே நின்றார். அவள் இத்தனை வருஷமும் எதையும் எடுக்க வந்து நிற்கவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. யாராவது பக்கத்தில் வந்து என்ன என்று கேட்கட்டும் என்றுதான் நின்றிருக்கிறாள். இவர் கூடத்திலிருந்தே குரல் கொடுத்திருக்கிறார்.

கதவை மூடச் சொல்லி ஃப்ரிட்ஜ் கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அவர் கதவைச் சாத்தவில்லை.