வடிவு வரைந்த மாடு

அந்த வருடம் ஆனி மாதத்து மழை வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களை ஆறு நாளாக விடவில்லை. மழையென்று மலைக்குப் போகாமல் இருக்க முடியுமா? பெண்கள் காலை ஏழு மணிக்குள் பிள்ளைகளைத் தோட்டத்துக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போனார்கள். அவர்கள் விட்டுப்போன பதினான்கு பிள்ளைகளும் அந்த ஒற்றை அறைக்குள் பிள்ளை பார்க்கிற சண்முகவடிவின் பொறுப்புத்தான்.

தொட்டிலில் கிடந்த நான்கு பேரால் தொல்லை இல்லை. நடக்கத் தெரிந்த பத்துப் பேர்தான் முற்றத்துக்கு இறங்க முடியாமல் ஒருவரையொருவர் கடித்துக்கொண்டிருந்தார்கள். ஏழாம் நாள் காலையில் கந்தப்பனின் மகன் இன்னொருத்தனின் காதைக் கடித்து ரத்தம் வரவைத்த பிறகு, இதற்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று வடிவுக்குத் தோன்றியது.

பிள்ளைகளை எதில் கட்டிப்போடலாம் என்று யோசித்தபோது அவளுக்குக் கொழும்புதான் ஞாபகம் வந்தது. பதினொரு வயதில் அவளை வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். பதினொரு வருடம் அங்கே இருந்துவிட்டு, அப்பா செத்த செய்தி கேட்டு வந்தவள் பிறகு திரும்பிப் போகவில்லை. வந்து இரண்டு வருடமாகிறது. அந்த வீட்டு அம்மா கமலேஸ்வரி, யாழ்ப்பாணத்துக்காரி, வங்கியில் வேலை. கெட்டவள் என்று சொல்ல முடியாது. அடித்ததில்லை; வயிற்றுக்குக் குறை வைத்ததில்லை. அவளுடைய மகள் ஆர்த்திகாவுக்குப் புதன்கிழமை தோறும் சித்திரம் படிப்பிக்க ஒருவர் வருவார். நிலத்தில் பழைய பத்திரிகையை விரிப்பது, கோப்பைகளில் தண்ணீர் வைப்பது, முடிந்ததும் தூரிகைகளையும் வர்ணத் தட்டையும் கழுவித் துடைத்து அடுக்குவது வடிவின் வேலை. "வடிவு, வர்ணப் பெட்டியைத் திறந்து பார்க்காதை, என்ன? விலை கூடின சாமான்" என்று கமலேஸ்வரி ஒரே ஒரு தடவை சொன்னாள். வடிவும் அதற்குப் பிறகு அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஆனால் எந்த நிறத்தோடு எந்த நிறம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது அந்த வீட்டில் யாரைவிடவும் அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கழுவுகிறவள் அவள்தானே.

மத்தியானம் தாய்மார் பால் கொடுக்க வந்த நேரம் பார்த்து, பிள்ளைகளை அவர்களிடம் விட்டுவிட்டு வடிவு தன் லயத்து வீட்டுக்கு ஓடினாள். மஞ்சள் தூள், வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலம், பீட்ரூட் இரண்டு, அடுப்புக்கரி, ஒரு கைப்பிடி கோதுமை மா. வாடிப்போன லீக்ஸ் தண்டும் வெண்டிக்காய் நாலும் கிடந்தன, அவற்றையும் எடுத்துக்கொண்டாள். மாவை ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்தாள். கஞ்சியைச் சிரட்டைகளில் பங்கிட்டு ஒன்றில் மஞ்சள், ஒன்றில் பீட்ரூட் சாறு, ஒன்றில் இடித்த கரி. நீலத்தை மட்டும் யாரும் வாயில் வைத்துவிடக் கூடாதென்று தன் மடியிலேயே வைத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாகக் கலந்து கொடுத்தாள். மஞ்சள் சிரட்டையில் அது விழுந்து பச்சையானபோது பிள்ளைகள் 'ஆ' என்று கத்தினார்கள்.

கடதாசிக்குக் கஷ்டமில்லை. பெக்டரியில் கழித்துவிட்ட கிழிந்த தேயிலைச் சாக்குகள் அறை மூலையில் கிடந்தன; பிரித்தால் உள்ளே நல்ல தடித்த கடதாசி. தூரிகைக்கு ஈர்க்குக் குச்சியின் நுனியில் துணியைச் சுற்றி நூலால் கட்டினாள். வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டித் தோய்த்து அமுக்கினால் பூ விழுந்தது. லீக்ஸ் தண்டு வட்டத்துக்குள் வட்டமாக விழுந்தது. நனைத்த நூலை மடித்த கடதாசிக்குள் வைத்து, மேலே கையால் அழுத்திக்கொண்டு இழுக்கச் சொன்னாள். பிரித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைந்த செடிகள்.

காது கடித்தவனும் கடிபட்டவனும் ஒரே சிரட்டையில் கை விட்டுக்கொண்டிருந்தார்கள். சாயந்தரம் வரை யாரும் அழவில்லை. வடிவு நிலத்தைத் துடைத்தாள், சிரட்டைகளைக் கழுவினாள், குச்சிகளைக் காயவைத்தாள். தாய்மார் வந்து பிள்ளைகளோடு படங்களையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை கொழுந்தெடுக்கிற வீரம்மா, மகள் தயானியைக் கையில் பிடித்துக்கொண்டு, மறு கையில் ஒரு ஈரச் சட்டையை உயர்த்திப் பிடித்தபடி வந்தாள்.

"என்னாடி இது வடிவு? மஞ்சக் கறைன்னு சவுக்காரம் போட்டேன். பாரு, ரத்தமாட்டம் செவந்து போச்சு. அடுத்த கெழம வட்டகொடையில கல்யாணம். இருக்கிறதே இந்த ஒண்ணுதான் நல்ல சட்டை."

"சவுக்காரம் பட்டா மஞ்ச செவக்கும் அக்கா. ஆலாத்தித் தண்ணியில சுண்ணாம்பு போட்டா செவக்குதுல்ல, அந்த மாதிரித்தான். நல்லா அலசிட்டு வெயில்ல போட்டா போயிரும்."

"வெயிலா? எங்க இருக்கு வெயிலு, கொஞ்சம் காட்டு பாப்போம்."

வடிவு வெளியே பார்த்தாள். எதிர் மலை கூடத் தெரியவில்லை.

"குடுங்க, நானே தொவச்சித் தாறேன். மத்த புள்ளைங்க சட்டையையும் குடுக்கச் சொல்லுங்க. நான்தானே அழுக்காக்கினேன்."

வீரம்மா சட்டையைக் கொடுக்கவில்லை.

"புள்ள அழுக்காக்குனத நீ எதுக்குத் தொவைக்கணும்? நீ இன்னமும் அந்தக் கொழும்பு வீட்டுலயா இருக்க?"

கோபமாகச் சொன்ன மாதிரித் தெரியவில்லை. சொல்லிவிட்டு, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு நேரமாகிறதென்று மழைக்குள் இறங்கி நடந்துவிட்டாள். வடிவுக்குத்தான் அந்த வார்த்தை விடியற்காலைக் குளிர்மாதிரி உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது. தொட்டிலை ஆட்டும்போதும் கஞ்சி காய்ச்சும்போதும் அதுவே திரும்பத் திரும்ப வந்தது. வேலைக்கு அனுப்பிய அப்பா மேல் அவளுக்குக் கோபம் இருந்ததில்லை. கமலேஸ்வரி மேலும் இல்லை. இன்றைக்கு யார் மேல் என்று தெரியாமலே கோபம் வந்தது.

பத்து மணிக்குப் பிள்ளைகள் சிரட்டைகளை அவர்களாகவே எடுத்துவந்து வைத்துவிட்டார்கள். இந்தத் தடவை வடிவு எல்லோருடைய மேற்சட்டையையும் கழற்றிவிட்டுப் பழைய சாக்கில் கழுத்துக்கு ஓட்டை போட்டு மாட்டிவிட்டாள். வீரம்மா கொண்டுவந்த சிவப்பு அவள் தலைக்குள் இருந்தது. கடதாசி முழுக்க மஞ்சளைப் பூசிக் காயவிட்டாள். காய்ந்ததும், சவுக்காரத்தைக் கரைத்த வெறும் தண்ணீரைக் கொடுத்து, "இதால எழுதுங்க" என்றாள். நிறமில்லாத தண்ணீர் பட்ட இடமெல்லாம் செக்கச் செவேலென்று கோடு கிளம்பியது. பிள்ளைகள் மழைச் சத்தத்தையும் மீறிக் கத்தினார்கள். தயானி மட்டும் கத்தாமல், குச்சியைக் கடதாசியில் வைப்பதும் எடுப்பதுமாக அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறதென்று தேடிக்கொண்டிருந்தாள்.

வடிவு எழுந்து, கிடந்த குச்சிகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

"அக்கா, ஒங்க படம் எங்க?" என்று கேட்டாள் தயானி.

"எனக்கு எதுக்குடி படம்? நான் கழுவணும்."

"நாங்க கழுவுறோம். நீங்க ஒக்காருங்க."

நாலு வயதுப் பிள்ளை அதிகாரத்தோடு சொன்னது. மற்றதுகளும் சேர்ந்துகொண்டன. ஒருத்தன் அவளுக்கென்று ஒரு துண்டுக் கடதாசியை இழுத்துவந்து போட்டான். வடிவு சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். குச்சியைக் கரியில் தோய்த்தாள். அப்படியே இருந்துவிட்டாள்.

எத்தனையோ தூரிகைகளைக் கழுவியிருக்கிறாள். ஈரக் கடதாசியில் நிறம் எப்படி ஓடும், காய்ந்தால் எவ்வளவு மங்கும், எல்லாம் தெரியும். ஆனால் இருபத்துநாலு வயது வரை ஒரு கோடு கூட இழுத்ததில்லை. பெட்டியைத் திறக்க வேண்டாமென்றுதானே அந்த அம்மா சொன்னாள். வீட்டில் ஒரு கரித்துண்டு கூடவா கிடைக்கவில்லை? ஏன் ஒரு நாளாவது தோன்றவில்லை? பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள். அவள் மாடு ஒன்று போட்டாள்.

"நாயி!" என்றான் கந்தப்பனின் மகன்.

"இல்ல, ஆடு."

"ஆட்டுக்கு அஞ்சு காலா இருக்கும்?"

வடிவு எண்ணிப் பார்த்தாள். ஐந்துதான் இருந்தது. வாலைக் கீழே இழுத்துவிட்டிருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் அடக்கப் பார்த்தாள். பிறகு தொட்டிலில் இருந்த குழந்தை விழித்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தாள். பிள்ளைகளுக்கும் ஏனென்று தெரியாமலே சிரிப்புத் தொற்றிக்கொண்டது. பிறகு அவர்கள் சொன்னபடி சிரட்டைகளைக் கழுவினார்கள். வாசல் முழுக்கத் தண்ணீர், சிரட்டைகளில் பாதி நிறம் அப்படியே இருந்தது. வடிவு எழுந்து போய் மறுபடி கழுவவில்லை. இன்னொரு கடதாசி எடுத்து, இந்தத் தடவை கொம்பிலிருந்து தொடங்கினாள்.

நாலரை மணிக்குத் தாய்மார் நனைந்து வந்து சேர்ந்தார்கள். வீரம்மா மகளின் சாக்குச் சட்டையைக் கழற்றி, உள்ளே சுத்தமாக இருப்பதைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டாள். சுவரில் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"இது யாரு போட்டது?"

"நான்தான் அக்கா."

"என்னா இது?"

"மாடு."

வீரம்மா லயத்துக்குப் பின்னால் இரண்டு பசு வளர்க்கிறவள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டப் போனாள்.

"கறக்குற மாடா?"

"ஆமா."

"மடியக் காணோமே."

கொழுந்துக் கறை ஏறிக் கறுத்துப்போன ஆள்காட்டி விரலை மேசையில் இருந்த கரிச் சிரட்டையில் விட்டாள். மாட்டின் வயிற்றுக்குக் கீழே ஒரு வட்டம் இழுத்து, அதில் நாலு காம்பு வைத்தாள். கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று பார்த்தாள். நாலாவது காம்பு திருப்தி தரவில்லை போலிருக்கிறது. அதை விரலால் இன்னும் சற்று நீட்டிவிட்டாள்.

"அம்மா, போவோம்" என்று தயானி சேலையை இழுத்தாள்.

"இருடி, கன்னு ஒண்ணு போட்டுட்டு வாறேன்" என்றாள் வீரம்மா.