தெரிந்தால் வலது கை

செல்வமேரிக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. பி.எட். பயிற்சிக்காகத் தாம்பரத்துப் பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க வந்தவள் அவள். இன்றைக்கு எக்ஸாமினர் வந்து உட்கார்ந்து பார்ப்பார். கவிழ்ந்தால் ஒரு வருஷம் பாழ். அதற்குள் அப்பா கல்யாணப் பேச்சை எடுத்துவிடுவார், அப்புறம் வேலையாவது மண்ணாவது.

காலையிலேயே வருவதாகச் சொன்ன மனிதரை உச்சிவெயில் ஏறியும் காணோம். மின்சார ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு ஓடினாள். பாராட்டினால் பிள்ளை முன்வரும், அவமானப்படுத்தினால் சுருங்கிப்போகும் என்று உளவியல் பாடத்தில் படித்ததையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். ஆனால் இன்று அவள் நம்பியிருந்தது வேறொன்றை. பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு செட்டும் அடுத்த செட்டுக்குக் காதோடு சொல்லிவிட்டுப் போகிற வித்தை அது. கேள்வி கேட்டதும் எல்லாரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது கை. டீச்சர் வலது கையாகப் பார்த்து எழுப்புவாள். வந்தவர் கண்ணுக்கு வகுப்பில் அத்தனை பேரும் புலி.

ஒரு வாரமாக ஒத்திகை நடந்தது. அதில் யாருக்குக் குஷியோ இல்லையோ, பொன்னிக்கு ஒரே குஷி. மீன் விற்கும் கன்னியம்மாவின் மகள்; வகுப்பில் வாயையும் திறந்ததில்லை, கையையும் தூக்கியதில்லை. இப்போது தினமும் இடது கையை ஜோராகத் தூக்கினாள். செல்வமேரியும் போகிறபோக்கில் ஒரு 'வெரி குட்' சொல்லிவைத்தாள். அந்த ஒரு சொல்லுக்கே, பாவம், கடைசி பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சுக்கு வந்துவிட்டாள் பொன்னி.

ஒருவழியாக எக்ஸாமினர் பட்டாபிராமன் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். பின்னக் கணக்கு ஆரம்பமானது. காலும் அரையும் எவ்வளவு என்று கேட்டதும் கைகள் எழுந்தன. பொன்னியின் வலது கையும் எழுந்தது. செல்வமேரிக்குப் பகீரென்றது. பாவிப் பெண் கையை மாற்றிவிட்டாளே என்று பதறி, கணக்கில் கெட்டிக்காரியான தனத்தை எழுப்பிச் சமாளித்தாள். அடுத்த கேள்விக்கும் அதே வலது கை. மூன்றாவதாக, முக்காலும் அரையும் எவ்வளவு என்று கேட்டபோது பொன்னி பெஞ்சைவிட்டே எழுந்துவிட்டாள். அந்தப் பெண்ணைத்தான் கேளுங்களேன் என்றார் பட்டாபிராமன்.

செல்வமேரிக்கு நாக்கு முந்திக்கொண்டது. "அவ கொஞ்சம் மந்தம் சார். சும்மா தூக்குவா."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பொன்னி கையை இறக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பட்டாபிராமன் தலையாட்டிவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். கிளாஸை நன்றாக மோட்டிவேட் பண்ணியிருக்கிறீர்கள் என்று போகும்போது வாய் நிறையப் பாராட்டிவிட்டுத்தான் போனார்.

போன உயிர் திரும்பி வந்தது செல்வமேரிக்கு. கூடவே கோபமும் வந்தது. பொன்னியை மேஜையருகே அழைத்து, சோற்றுக்கை எது, பீச்சாங்கை எது என்றுகூடவா தெரியாது என்று கடிந்துகொண்டாள்.

"தெர்யும் டீச்சர்." பொன்னி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒண்ணேகாலு. நேத்து வூட்ல குந்திகினு எல்லாத்தையும் போட்டுப் பாத்தேன்."

செல்வமேரிக்குச் சுருக்கென்றது. ஐயோ, என்ன காரியம் பண்ணிவிட்டேன் என்று மனம் அடித்துக்கொண்டது. இப்போதே, மணி அடிப்பதற்குள்ளேயே, இதைச் சரிசெய்துவிட வேண்டும். பொன்னியை இடத்துக்கு அனுப்பிவிட்டு, அவளையே பார்த்தபடி வகுப்பைக் கேட்டாள், அரையும் அரையும் எவ்வளவு என்று.

அத்தனை வலது கைகளும் எழுந்தன. பொன்னி இடது கையைத் தூக்கினாள்.