இருபத்திரண்டு எம்எம் கம்பி

இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தால், சொன்ன வாயில் கிரீஸை அப்பிவிடலாம். கூட்டல் இல்லை, கழித்தல் இல்லை. நடந்தது நடந்தபடி.

ஆஸ்பத்திரி வாசலில், மகள் தலையைக் காருக்குள் விட்டு, ஓட்டுநருக்குப் பக்கத்துச் சீட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தலை வைக்கும் திண்டைக் கழற்றினால்தான் சீட்டின் முதுகு முழுதாகச் சாய்ந்து பின்சீட்டைத் தொடும். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா, மூக்கில் குழாய் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டே மேற்பார்வை செய்தார்.

"இன்னும் ரெண்டு பல் பின்னாடி போகும். இழு. சீட்டை இழு, என் உயிரை இல்ல."

பின்னால் நின்ற நர்ஸுக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, இடுப்பெலும்பு இருக்கிற நிலைமைக்கு நீங்க ஆம்புலன்ஸ்லதான் போகணும். ஒரு குலுக்கல் கூடாது."

"குலுக்கல் பரவாயில்லம்மா. சாயறதுதான் கூடாது. உங்க ஆம்புலன்ஸ் வளைவுல குடிச்சவன் மாதிரி சாயுது. நான் ஜன்னல் வழியா பதினோரு நாளா பாத்துட்டு இருக்கேன்."

பெரிய டாக்டர் காலையில் மகளைத் தனியே அழைத்து, இன்றோ நாளையோ என்று சொல்லியிருந்தார். அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை. "டிஸ்சார்ஜ் எழுதச் சொல்லு, உங்கம்மாவை வண்டியில மலை தாண்டிக் கூட்டிட்டுப் போகணும்" என்று மட்டும் சொன்னார்.

அவர் கேட்டது அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான், முப்பத்து நான்கு வருடமாக நடக்காதது.

அம்மாவுக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொள்ளாது என்றால் சாதாரணமாக இல்லை. காலண்டரில் கார் படம் போட்டிருந்தால், அந்த மாதம் முழுக்க அதைச் சுவர் பக்கம் திருப்பிவைப்பாள். தெருவில் யாராவது ரிவர்ஸ் எடுத்தால், வீட்டுக்குள் இவள் எலுமிச்சம்பழம் தேடுவாள். அப்படிப்பட்டவளைக் கட்டிக்கொண்டவர் கார் மெக்கானிக். வீடு மலைக்கு ஒரு பக்கம், ஆஸ்பத்திரி மறுபக்கம். மலையைத் தாண்ட இருபத்துமூன்று வளைவு. அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று அம்மாவுக்குத் தெரியாது.

அப்பாவுக்கு ஒர்க்‌ஷாப்பில் ரசமட்டம் என்று பட்டப்பெயர். கொத்தனார்கள் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கக் குமிழியோடு வைத்திருப்பார்களே, அந்தக் கருவி. வளைவில் எந்த வண்டியும் சாயக் கூடாது என்பது அவர் கட்சி. நர்ஸை அவர் அதற்குள் தன் கட்சியில் சேர்க்கத் தொடங்கியிருந்தார்.

"இந்த வண்டி முன்சக்கரம் இழுக்கிற வண்டிம்மா. இழுக்கிறதும் அதுதான், திருப்புறதும் அதுதான். பின்சக்கரம் ரெண்டும் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி சும்மா கூட வரும். அதனாலதான் வளைவுல மூக்கு வெளியே ஓடும், உடம்பு சாயும். அடியில பின்சக்கரம் ரெண்டையும் சேர்த்து ஒரு கம்பி இருக்கு. ஸ்வே பார்னு பேரு. அதைத் தடியா மாத்திட்டா ஒரு பக்கம் சாயப் பாக்கிறப்ப, இன்னொரு பக்கம் 'எங்கடா போறே'ன்னு பிடிச்சு இழுக்கும். மாப்பிள்ளைத் தோழனுக்கும் ஒரு வேலை."

"சரிங்கையா," என்றாள் நர்ஸ். அவளுக்கு வேறு பதினான்கு படுக்கைகள் இருந்தன.

கம்பியின் தரத்தை மற்றவர்கள் அளவுகோலால் அளப்பார்கள். அப்பா, மனைவி எத்தனையாவது வளைவில் வாந்தி எடுக்கிறாள் என்று அளந்தார். கம்பெனிக் கம்பியில் மூன்றாவது வளைவு. பதினாறு எம்எம் போட்டார், ஏழாவது. பத்தொன்பது போட்டார். அதற்குப் பிறகு வளைவில் சாய்ந்தது வண்டியல்ல, சாலைதான் என்று எதிரே வந்த லாரிக்காரரே சத்தியம் செய்தார். அம்மா பதினொன்று வரை தாங்கினாள். பன்னிரண்டில் இறங்கி, சாலையோரம் உட்கார்ந்து, "நீங்க கம்பியை மாத்தாதீங்க, பொண்டாட்டியை மாத்துங்க," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தே போனாள். அவர் பின்னாலேயே முதல் கியரில் உருட்டிக்கொண்டு வந்தார்.

இருபத்திரண்டு எம்எம் கம்பியை லேத்துக்காரர் தனியாகச் செய்து கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முந்தின நாள் மாலை மகள் ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோது, அப்பா காருக்குப் பக்கத்தில் தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. கம்பியை மாட்டிட்டேன். இனிமே உங்கம்மா தப்பிக்க முடியாது."

அவர் கைகள் சுத்தமாக இருந்தன. அதற்குள் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார் என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

இந்தப் பதினோரு நாளில் அம்மா இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, தன் வேனில் அழைத்து வந்தார். இரண்டு முறையும் இரண்டாவது வளைவில் திரும்பினார்கள். "'அக்கா, கண்ணை மூடிக்கோ'ன்னு சொன்னேன், நானும் சேர்ந்து மூடிட்டேன், அவ்வளவு சத்தம்" என்று மாமா போனில் சொன்னார். அப்பா அன்று வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நர்ஸும் மகளும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து அவரைச் சீட்டில் படுக்கவைத்தார்கள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டதும் அப்பா கேட்டார். "டம்ளர் எங்கே?"

அது அவர் ஒர்க்‌ஷாப் வழக்கம். டேஷ்போர்டில் ஒரு டம்ளரை வைத்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, மலைமேல் ஓட்டிப் பார்ப்பார். சொட்டுச் சிந்தினால் வண்டியைக் கொடுக்க மாட்டார். மகள் டம்ளரை இரண்டுபக்க டேப்பால் ஒட்டி, தண்ணீர் ஊற்றினாள்.

"இன்னும் ஊத்து. தண்ணி விளிம்புக்கு மேல எட்டிப் பாக்கணும்."

மகளுக்குப் பள்ளிக்கூட வேன் ஓட்டும் வேலை. தினமும் இருபத்தாறு பிள்ளைகளை, அவர்கள் காலையில் சாப்பிட்டதை வயிற்றிலேயே விட்டுவைத்து, கொண்டுபோய் இறக்குகிறவள். பெற்றோர்கள் கும்பிடாத குறை. அப்பா மட்டும் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. அவள் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து வந்து, இறங்கும்போது "வண்டி நல்லா இருக்கு" என்பார். வண்டி நன்றாக இருந்தால் ஆடு மாடுகூட ஓட்டும் என்பது அவர் அபிப்பிராயம்.

முதல் வளைவுக்கு முன்பே அவள் வேகத்தைக் குறைத்தாள். வளைவுக்குள் பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டியரிங்கை நூல் சுற்றுவதுபோல, ஒரே சீராக, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். அப்பாவின் பல் கடிபடும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை.

"என்ன, நத்தைக்கு வழி விடறியா? நாப்பதுல போ."

நாற்பதில் போனாள். ஒன்பது, பத்து, பதினொன்று. தண்ணீர் விளிம்புக்கு மேலே எட்டிப் பார்த்தபடியே இருந்தது. பதினாறாவது வளைவில் ஒரு ஈ வந்து அதன்மேல் உட்கார்ந்து, முகம் கழுவிவிட்டுப் போனது. இருபத்துமூன்றையும் தாண்டி வீட்டு வாசலில் நிறுத்தும்வரை ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"பாத்தியா?" என்றார் அப்பா.

"ஆமாப்பா. கம்பி நல்லா வேலை செய்யுது."

அவர் அவளைக் கொஞ்சநேரம் பார்த்தார். "ஆமா ஆமா," என்றார். "கம்பிதான்."

அம்மா கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். மாமா பின்னாலேயே தலையணையோடு வந்தார். உள்ளே கட்டில் தயாராக இருந்தது. அம்மா ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவர் கன்னத்தைத் தொட்டாள்.

"எப்படி எளைச்சுட்டீங்க. வாங்க, எறங்குங்க."

"நான் எறங்கல. நீ ஏறு."

"வந்த உடனே ஆரம்பிச்சுட்டீங்களா? உள்ள வந்து படுங்க, நாளைக்கு ஏறறேன்."

"இன்னைக்கு ஏறு."

அம்மா மகளைப் பார்த்தாள். மகள் ஸ்டியரிங்கைப் பார்த்தாள். அம்மா உள்ளே போய் ஒரு எலுமிச்சம்பழம், இரண்டு பிளாஸ்டிக் பை, ஒரு துண்டு எடுத்துவந்தாள்.

"அக்கா, நெசமாவா?" என்றார் மாமா.

"நீ வாயை மூடு. அடுப்பை மட்டும் அணைச்சுடு."

பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, சாய்த்திருந்த சீட்டிலிருந்து அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "வாந்தி வந்தா உங்க மேலதான் வரும். முன்னாடியே சொல்லிட்டேன்."

"எடு. எவ்வளவோ பாத்தாச்சு."

மகள் வண்டியைத் திருப்பினாள். மலை ஆரம்பித்ததும் அப்பா எண்ணத் தொடங்கினார். "ஒண்ணு." அம்மா கண்ணை இறுக மூடியிருந்தாள். "ரெண்டு." பழத்தை மூக்கில் வைத்துத் தேய்த்தாள். "மூணு. இங்கதான் மொத வருஷம், ஞாபகமிருக்கா? என் புதுச் சட்டை."

"அந்தச் சட்டையே கேவலமான கலரு. போனா போகட்டும்னுதான் எடுத்தேன்."

ஏழில் அம்மா ஒரு கண்ணைத் திறந்தாள். பதினொன்றில் இரண்டையும் திறந்தாள். பன்னிரண்டாவது வளைவில், தான் உட்கார்ந்த அந்தச் சாலையோரக் கல் கடந்து பின்னால் போவதைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க, ஒண்ணுமே பண்ணல எனக்கு."

"பண்ணாது," என்றார் அப்பா. "பதிமூணு."

பதினான்கை அவர் மெதுவாகச் சொன்னார். பதினைந்து வந்தது. வண்டிக்குள் யாரும் எண்ணவில்லை. மகள் கண்ணாடியில் பார்த்தாள். அம்மாவின் கை அப்பாவின் நெற்றியில் இருந்தது. எலுமிச்சம்பழம் சீட்டுக்குக் கீழே விழுந்திருந்தது, உருளவில்லை. அம்மா குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு போர்வையைச் சரிசெய்து, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பதினாறு," என்றாள்.

"அம்மா..."

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டு. பதினேழு."

மகள் ரோட்டைப் பார்த்து ஓட்டினாள். ரோடு சரியாகத் தெரியவில்லை. கைக்குத் தெரிந்திருந்தது. அம்மா ஒன்றையும் விடாமல் இருபத்துமூன்றுவரை எண்ணினாள்.

வளைவுகள் முடியும் இடத்தில் வண்டி நிறுத்தக் கொஞ்சம் இடமுண்டு. கீழே அந்தப் பக்கம் தெரிந்தது: கூரைகள், ஒரு தண்ணீர்த் தொட்டி, மைதானம், வெள்ளையாக ஒரு நீளக் கட்டடம்.

"அதுவா ஆஸ்பத்திரி?"

"ஆமாம்மா."

அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பக்கத்துலதான் இருக்கு," என்றாள்.

பிறகு, மடியில் இருந்த தலை அசையாமல், முன்னால் கையை நீட்டினாள். மகள் டம்ளரை டேப்பிலிருந்து பெயர்த்துக் கொடுத்தாள். அம்மா அதை ஒரு சொட்டுச் சிந்தாமல் வாங்கி, முழுவதையும் குடித்தாள்.

"திரும்பறப்பவும் இதே மாதிரி ஓட்டு. அவரைச் சாய விடாதே."

அப்படியே ஓட்டினாள்.

எட்டாம் நாள் காரின் பின்டயர் பஞ்சரானது. ஸ்டெப்னி எடுக்க மாமா டிக்கியின் விரிப்பைத் தூக்கியபோது, அடியில் குறுக்காக, லேத்துக்காரர் செய்தித்தாளில் சுற்றிக் கட்டிக்கொடுத்த சணல் முடிச்சுகூட அவிழாமல், இருபத்திரண்டு எம்எம் கம்பி இருந்தது.