மக்டலின் சுற்றுப்பாதை

மலைகள் சாதாரண மனிதரை அழைப்பதில்லை. வரலாறு தேர்ந்தெடுத்தவரை மட்டுமே அழைக்கின்றன. சூசைப்பிள்ளை எழுதி அச்சடித்த பதினாறு பக்கக் கைநூல் இப்படித்தான் தொடங்கியது. வரலாறு தேர்ந்தெடுத்தவர் அன்று காலை, திரியாய்ப் பக்கம் காற்றடிமலையின் அடிவாரத்தில் ஒரு கல்லில் குந்தியிருந்து முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ஏற்றம் இன்னும் தொடங்கவில்லை.

அவர் ஓய்வுபெற்ற கல்விப் பணிப்பாளர். இயற்கை நேசர் ஒன்றியத்தின் தலைவர். ஒன்றியத்தில் நாலு பேர், அதில் ஒருவர் கனடாவில். மனைவி மக்டலின் செத்து இரண்டு வருசம். அதற்குப் பிறகு வீட்டுப் படலையை யாரும் திறப்பதில்லை. வந்தவர்களெல்லாம் அவவிடம் வந்தவர்கள்தான் என்பது அவருக்குப் பிந்தித்தான் விளங்கியது. மலையைச் சுற்றும் பாதைக்கு அவவின் பெயரை வைக்கவேண்டும். இப்போது அவருக்கு இருந்த ஒரே அலுவல் அது.

அதற்குப் பிரதேச சபைக் கந்தோரிலிருந்து உத்தியோகத்தர் றிப்தி வந்திருந்தார். பெயர் வைக்கக் கேட்பவர் பாதையை முழுதாய் நடந்தவராக இருக்கவேண்டும், உத்தியோகத்தரையும் ஒரு சுற்று கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்பது விதி. கைநூலின் இரண்டாம் பக்கத்தில் விடை தயாராக இருந்தது: ‘நானும் என் மனைவியும் முப்பத்தொரு தரம் இம்மலையை வலம் வந்தோம்.’

“முப்பத்தொண்டா சேர்?” என்று றிப்தி ஏறும்போதே கேட்டார்.

“எண்ணிப் பார்த்தனான் தம்பி.”

எண்ணியது உண்மைதான்.

காட்டுக்குள் வெளிச்சம் குறைவு. மேலே காற்று பாலை மரங்களைப் பிடித்து உலுப்பிக்கொண்டிருந்தது. கீழே ஒரு இலை அசையவில்லை. வழி தவறாமலிருக்க மூன்று கிழமைக்கு முன் சூசைப்பிள்ளை ஒவ்வொரு திருப்பத்து மரத்திலும் மஞ்சள் துணி கட்டியிருந்தார். மாதா கோயில் திருவிழாவில் மிஞ்சிய கொடித்துணி. காட்டின் மேல் விளிம்பு வரைதான் கட்டினார். அதற்கு மேலே முழங்கால் சம்மதிக்கவில்லை.

மூன்றாவது திருப்பத்தில் றிப்தி நின்றார். “சேர், இதில எது உங்கட துணி?”

சுற்றிவர இருந்த மரமெல்லாம் மஞ்சள். விறகுக்கும் தேனுக்கும் வந்த சனம் மரத்தில் மஞ்சள் துணியைக் கண்டால் என்ன செய்யும்? நேர்த்தி வைத்த மரம் என்று நினைத்துத் தாங்களும் ஒன்று கட்டிவிட்டுப் போயிருந்தது. ஒரு கிளையில் சின்னத் தொட்டில்கூடத் தொங்கியது.

“மாதாட துணிக்கு நல்ல மவுசு” என்றார் றிப்தி.

சூசைப்பிள்ளை தொண்டையைச் செருமி, இடப்பக்கம் என்றார். முக்கால் மணித்தியாலம் நடந்தபின் அந்தத் தொட்டில் மறுபடியும் வந்தது. பிறகு வலப்பக்கம் என்றார். அது அவர்களைப் புல்வெளியின் விளிம்பில் கொண்டுபோய் விட்டது. இடுப்பளவு புல், காற்றில் ஒரே பக்கமாய்ச் சாய்ந்து கிடந்தது. பாதை என்று ஒரு கோடுகூட இல்லை. தூரத்தில் கடல் சாம்பல் நிறத்தில் இருந்தது.

“இனி எந்தப் பக்கம் சேர்?”

அவர் கைநூலை விரித்தார். தானே கீறிய படத்தில் இந்த இடத்தில் வடிவான ஒரு வளைவு இருந்தது. காற்று அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போனது.

புல்லுக்குள்ளிருந்து மாடுகள் வந்தன, பின்னால் அவற்றை மேய்க்கிற சின்னராசா வந்தார். “ஐயா, கடைசியா மேலயும் வந்திட்டியள்” என்றார் சின்னராசா.

“ஐயா முப்பத்தொரு தரம் வந்தவர்” என்றார் றிப்தி.

“வந்தவர், வந்தவர். அடிவாரத்துத் தேத்தண்ணிக் கடை வரைக்கும். எங்கட மருத்துவிச்சி மக்டலின் மிஸ்ஸியை மோட்டச்சைக்கிளில ஏத்திக்கொண்டு வருவார். மிஸ்ஸி தராசைத் தோளில போட்டுக்கொண்டு மலையைச் சுத்தி எங்கட குடியிருப்புக்கு வந்து, பிள்ளையள நிறுத்துப் பார்த்திட்டு அந்தப் பக்கத்தால சுத்திக் கடையடிக்கு இறங்குவா. எங்கட ரெண்டும் அவ பிடிச்ச பிள்ளையள்தான்.”

காற்று பேச்சை எடுத்துக்கொண்டு போகும் என்று சூசைப்பிள்ளை நம்பினார். போகவில்லை.

றிப்தி படிவத்தை ஒரு கல்லில் வைத்து, பறக்காமல் பிடித்தபடி கொஞ்ச நேரம் பார்த்தார். “சேர், நடந்தவர் எண்ட இடத்தில மிஸ்ஸிட பெயரை எழுதலாம். ஆனா கைநூலில ‘நானும்’ எண்டு ஒரு சொல் இருக்கு. அதை வெட்டோணும்.”

சூசைப்பிள்ளை கடலைப் பார்த்தார். புத்தகத்தில் அவருக்கு மிகவும் பிடித்த சொல் அது.

“வெட்டுங்கோ” என்றார்.

“மிச்சச் சுற்றுக்கு வாறீங்களா? சின்னராசா அண்ணன் வழி காட்டுவார்.”

“முழங்கால் ஏலாது தம்பி. நீங்கள் போயிட்டு வாங்கோ. நான் கீழ இருக்கிறன்.”

அவர்கள் புல்லுக்குள் மறையும் வரை நின்றுவிட்டு, மஞ்சள் துணிகளுக்குள்ளே தடவித் தடவி இறங்கினார். கடையில் அவர் வழக்கமாய்க் குந்தும் பழைய வாங்கு அதே இடத்தில் இருந்தது. கடைக்காரர் கேளாமலே சீனி குறைத்த தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தார். மக்டலினுக்கு ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? முப்பத்தொரு தரம் இங்கே காத்திருந்தும் அவருக்குத் தெரியாது. இன்றைக்கு றிப்தி திரும்பும் நேரத்தைப் பார்த்தாவது அறிந்துகொள்ளலாம் என்று மணிக்கூட்டைக் கழற்றி முன்னால் வைத்து, கண்ணை அதிலேயே வைத்திருந்தார்.

றிப்தி வந்து தோளில் தட்டித்தான் அவரை எழுப்பவேண்டியிருந்தது.